குறி தவறியது ஏன்? குண்டைக் கேட்டு உண்மை அறிந்த பெஞ்சமின் ராபின்ஸ்

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை என்று ஒரு கோட்டை இருந்தது. 1751ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் தேதி அங்கே ஓர் ஆங்கிலேயர் காலமானார். வயது 44தான். கோட்டை வேலைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோதே, கையில் பிடித்த பேனாவுடன் அவர் உயிர் பிரிந்தது என்று சொல்வார்கள்.

அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். துப்பாக்கிக் குண்டு எவ்வளவு வேகமாகப் போகிறது? நேராகச் சுட்டாலும் ஏன் வழி மாறுகிறது? இந்தக் கேள்விகளுக்குச் சோதனை செய்து விடை கண்டவர் அவர்.

ஆயுதம் வேண்டாத வீடு

ராபின்ஸ் 1707இல் இங்கிலாந்தில் பாத் என்னும் ஊரில் பிறந்தார். ஏழைக் குடும்பம். பெற்றோர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். சண்டை கூடாது, ஆயுதம் எடுக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவின் கொள்கை.

பையனுக்குக் கணக்கில் அபார மூளை. லண்டனுக்குப் போனார். பெரும்பாலும் தாமாகவே படித்தார். 1727இல், இருபதே வயதில், ராயல் சங்கம் என்ற புகழ்பெற்ற விஞ்ஞான சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

கணக்கு வாத்தியாராக இருந்து பிழைத்தார். பிறகு பாலம், துறைமுகம், கோட்டை என்று கட்டட வேலைகளில் கருத்தைச் செலுத்தினார். கோட்டையைப் பற்றிப் படித்தவருக்குப் பீரங்கியைப் பற்றியும் தெரியவேண்டி வந்தது. ஆயுதம் வேண்டாத வீட்டுப் பிள்ளை இப்படித்தான் துப்பாக்கிப் பக்கம் வந்து சேர்ந்தார்.

ஊஞ்சல் சொன்ன வேகம்

அந்தக் காலத்துப் பீரங்கிப் புத்தகங்கள் காற்றைப் பொருட்படுத்தவில்லை. காற்று லேசானது, கனமான குண்டை அது என்ன செய்துவிடும் என்று எண்ணினார்கள்.

ராபின்ஸ் அதை அப்படியே நம்பவில்லை. குண்டையே கேட்டுப் பார்க்க முடிவு செய்தார். 56 ராத்தல் எடையுள்ள ஒரு கட்டையை ஊஞ்சல்போல் தொங்கவிட்டார். வெடிமருந்தை ஒவ்வொரு முறையும் நிறுத்துப் போட்டார். கட்டையை நோக்கிச் சுட்டார். குண்டு பாய்ந்ததும் கட்டை பின்னால் ஆடிற்று. எவ்வளவு தூரம் ஆடிற்று என்று அளந்தார். அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார்.

குண்டின் எடையில் சுமார் பாதி மருந்து போட்டால், முக்கால் அங்குல ஈயக் குண்டு விநாடிக்குச் சுமார் 1,670 அடி வேகத்தில் பாய்ந்தது! அந்த வேகத்தில் காற்று அதை எதிர்க்கும் பலம் குண்டின் எடையைப்போல் 120 மடங்கு என்றும் கண்டார். லேசான காற்று அவ்வளவு பெரிய எதிரி! இந்தச் சோதனைகளை 1742இல் புத்தகமாக வெளியிட்டார்.

16 குண்டுகள்

அடுத்த கேள்வி, குறி ஏன் தவறுகிறது? சுடுபவன் கை நடுங்கியிருக்கும் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

ராபின்ஸ் கையையே விலக்கிவிட்டார். துப்பாக்கிக் குழலைக் கனமான வண்டியில் அசையாமல் பொருத்தினார். 180 அடி தூரத்தில் ஒரு சதுரக் கட்டையை வைத்தார். மருந்தை நிறுத்துப் போட்டு 16 முறை சுட்டார். ஒன்றே ஒன்றுதான் தவறியது.

அதே குழலை, அதேபோல் பொருத்தி, 760 கெஜ தூரத்துக்குச் சுட்டார். தூரம் ஏறக்குறைய 13 மடங்கு. விலகலும் 13 மடங்கு ஆகலாம். ஓரடி 13 அடியாகலாம். ஆனால் நடந்தது என்ன? ஒரு குண்டு 100 கெஜம் வலப்பக்கம் போயிற்று. இன்னொன்று 100 கெஜம் இடப்பக்கம் போயிற்று. ஒன்று மற்றொன்றைவிட 200 கெஜம் முன்னாலேயே விழுந்தது.

குழல் அசையவில்லை. கையும் நடுங்கவில்லை. அப்படியானால் குண்டு போகும் வழியிலேயே வளைகிறது!

பம்பரத்தின் பாடம்

ஏன் வளைகிறது? உருண்டைக் குண்டு குழலின் பக்கத்தில் உராய்ந்துகொண்டு வெளியே வருகிறது. அந்த உராய்வால் சுழலுகிறது. சுழலும் குண்டைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு விதமாக உராய்வதால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போகிறது. இதுதான் ராபின்ஸ் சொன்ன காரணம்.

கணித மேதை ஆய்லர் அவருடைய புத்தகத்தை 1745இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். ஆனால் இந்தக் காரணத்தை அவரே ஒப்புக்கொள்ளவில்லை. குண்டின் உருவம் சரியாக இல்லாததுதான் காரணம் என்றார்.

ராபின்ஸ் வாதம் வளர்க்கவில்லை. ஒரு குழலின் முனையைச் சற்றே இடப்பக்கம் வளைத்தார். எதிரே மெல்லிய காகிதத் திரைகளைக் கட்டினார். தூரத்தில் ஒரு சுவர். சுட்டார். திரைகளில் துளை இடப்பக்கம் விழுந்தது. சுவரிலோ குண்டு வலப்பக்கம் பட்டது! வளைந்த முனையில் உராய்ந்து சுழன்ற குண்டு, காற்றில் திரும்பிவிட்டது. ராபின்ஸ் சொன்னதே சரி என்று காகிதம் சாட்சி சொல்லிற்று.

சுழற்சி கெடுதல் செய்கிறதென்றால், அந்தச் சுழற்சியையே நமக்கு வேலை செய்ய வைக்கலாமே! குழலுக்குள் திருகுபோல் வரிகள் வெட்டிய துப்பாக்கிதான் ரைபிள். அது ராபின்ஸுக்கு முன்பே இருந்தது. அதில் குண்டு போகும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலுகிறது. சுற்றும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல், அந்தக் குண்டு வழி மாறாமல் போகிறது. ரைபிளின் தன்மையை நன்றாக உணர்ந்து தன் படைக்கு முதலில் கொடுக்கும் நாடு பிறரை வெல்லும் என்று 1747இல் ராபின்ஸ் எழுதினார். சுமார் நூறு ஆண்டுகள் கழித்து ஐரோப்பியப் படைகளின் கைக்கு ரைபிள் பரவலாக வந்தபோது அது பலித்தது.

தமிழ்நாட்டில் முடிவு

ராயல் சங்கம் அவருக்கு 1746ஆம் ஆண்டுக்கான காப்லி பதக்கம் வழங்கியது. ஆனால் அதற்கு முன்பு, உலிச்சில் புதிதாகத் தொடங்கிய ராணுவக் கல்லூரியில் அவர் விரும்பிய ஆசிரியர் பதவி வேறொருவருக்குப் போயிற்று.

கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தலைமை இன்ஜினீயராக நியமித்தது. பிரெஞ்சுக்காரர் 1746இல் பிடித்த சென்னைக் கோட்டை, அப்போதுதான் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியிருந்தது. அதையும் செயின்ட் டேவிட் கோட்டையையும் பலப்படுத்த 1750இல் ராபின்ஸ் கடல் கடந்து வந்தார். வந்த சில மாதங்களில் காய்ச்சல் கண்டது. தேறி எழுந்து வேலை செய்தார். மறு ஆண்டே மறைந்தார்.

அவர் பலப்படுத்த வந்த செயின்ட் டேவிட் கோட்டையை 1758இல் பிரெஞ்சுப் படை பிடித்து இடித்துவிட்டது. ஆனால் அவர் காகிதத்திரையில் கண்ட உண்மை இடியவில்லை. இன்றைக்கும் துப்பாக்கியைச் சோதிப்பவர்கள், குழலை அசையாமல் பொருத்துகிறார்கள். மருந்தை நிறுத்துப் போடுகிறார்கள். ஒரு குண்டை நம்பாமல் பல குண்டுகளைச் சுட்டு, துளைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று அளக்கிறார்கள்.

குறி தவறினால் உடனே ஒருவன் கையைக் குற்றம் சொல்லாதே. முதலில் சோதித்துப் பார். ராபின்ஸ் வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம் இதுதான். துப்பாக்கியே தொடாதவருக்கும் இது உதவும் அல்லவா?