ஐ.க்யூ டெஸ்ட்டின் ‘தந்தை’ ஐ.க்யூ போட்டதே இல்லை: யார் இந்த ஆல்ஃபிரெட் பினே?

ரீல்ஸுக்கு நடுவே ஐ.க்யூ டெஸ்ட் விளம்பரம் வராத போன் இன்று அபூர்வம். இருபது கேள்வி, கடைசியில் ஒரு நம்பர். இதற்கெல்லாம் மூலவர் என்று சொல்லப்படும் ஆல்ஃபிரெட் பினே, அந்த நம்பரை ஒரு குழந்தைக்குக்கூடக் கொடுத்ததில்லை.

1857-ல், இன்று பிரான்ஸில் இருக்கும் நீஸ் நகரில் பிறந்தவர். படித்தது சட்டம். சைக்காலஜியை பாரிஸ் தேசிய நூலகத்தில் தானாகவே படித்துக் கற்றுக்கொண்டார். முறையான பயிற்சி இல்லாதது சீக்கிரமே வினையானது. 1880-களில் சால்பேத்ரியேர் மருத்துவமனையில், அன்றைய நட்சத்திர டாக்டர் ஷார்கோவின் குழுவில் ஹிப்னாடிஸ ஆய்வு செய்தார். மயக்கத்தில் இருக்கும் பெண்ணின் ஒரு கையில் வரவழைத்த செயலிழப்பை, காந்தம் வைத்து மறு கைக்கு மாற்றலாம் என்று சக ஆய்வாளருடன் சேர்ந்து எழுதினார். பெல்ஜிய அறிஞர் டெல்பஃப் நேரில் வந்து பார்த்தார். அடுத்து என்ன நடக்கணும் என்று அந்தப் பெண் எதிரிலேயே பேசுகிறார்கள். அவரும் அதையே செய்கிறார். காந்தத்துக்கு அங்கே வேலையே இல்லை. சில வருடம் சண்டை போட்டுப் பார்த்த பினே, கடைசியில் தப்பை ஒப்புக்கொண்டார்.

இந்தச் சூடு அவருக்கு மறக்கவே இல்லை. தலை பெரிதாக இருந்தால் மூளை அதிகம் என்று நம்பிய காலம் அது. 1900 வாக்கில் பினேயும் பள்ளிப் பிள்ளைகளின் தலைகளை அளந்தார். நன்றாகப் படிப்பவர், படிக்காதவர் என்று வாத்தியார்கள் பிரித்துக் கொடுத்த பிள்ளைகளுக்குள் வித்தியாசம் மிகமிகச் சிறியது. அதைவிட முக்கியம், யார் ‘மந்தம்’ என்று முன்பே தெரிந்ததால் தன் கையே அந்தத் தலைகளைச் சிறிதாக அளக்கிறதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. அதை மறைக்காமல் அச்சிலும் எழுதினார். எத்தனை ஆய்வாளர் இதைச் செய்வார்கள்?

1904-ல் பிரெஞ்சு அரசு, சாதாரண வகுப்பில் தடுமாறும் பிள்ளைகளைப் பற்றி ஆராய ஒரு கமிஷன் போட்டது. பினே அதில் உறுப்பினர். சேட்டைக்காரப் பையனை வாத்தியார் மந்தம் என்று தள்ளிவிடலாம். அதனால் எல்லாருக்கும் ஒரே கேள்வி என்பதுதான் அவர் கண்ட வழி. டாக்டர் தியோடர் சிமோனுடன் 1905-ல் 30 பயிற்சிகள் கொண்ட அளவுகோல் வந்தது. எரியும் தீக்குச்சியைக் கண்ணால் பின்தொடர்வது, எண்களைத் திருப்பிச் சொல்வது என்று எளிதில் தொடங்கும். 1908-ல் அதை வயதுவாரியாகப் பிரித்தார்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு முகப் படத்தைக் காட்டி எது அழகு என்று கேட்பதும் அதில் உண்டு. யார் கண்ணுக்கு அழகு? பாரிஸின் எளிய குடும்பத்துப் பிள்ளைகளை வைத்து உருவான டெஸ்ட்டை பிரஸ்ஸல்ஸின் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது, அவர்கள் ஒரு வருடத்துக்கும் மேல் முன்னால் நின்றார்கள். பினே இதை ஒதுக்கித் தள்ளவில்லை. பேச்சு, சொல்வளம் சார்ந்த கேள்விகளில் வீட்டுச் சூழல் கைகொடுக்கிறது என்று கவனித்தார். அறிவு பிறப்பிலேயே முடிவாகிவிட்டது என்ற பேச்சை 1909-ல் எழுதிய புத்தகத்தில் கடுமையாக மறுத்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கவனம், நினைவாற்றல் பயிற்சிகளையும் வகுத்தார்.

1911-ல், 54 வயதில் இறந்துபோனார். அடுத்த வருடமே ஜெர்மனியின் வில்லியம் ஸ்டெர்ன், மன வயதை உண்மையான வயதால் வகுத்து ஒற்றை எண்ணாக்கினார். அமெரிக்காவில் ஹென்றி காடர்டின் குழு 1913-ல் எல்லிஸ் தீவில் கப்பலை விட்டு இறங்கியவர்களுக்கு, மொழிபெயர்ப்பாளரை வெச்சு பினே டெஸ்ட் நடத்தியது. சோதித்த சிறு குழுவில் யூதர், இத்தாலியர், ரஷ்யர் எல்லாரிலும் சுமார் 80 சதவீதம் பேர் மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று கணக்குப் போட்டுட்டாங்க. 1916-ல் ஸ்டான்ஃபோர்டின் லூயிஸ் டெர்மன் ஐ.க்யூவைப் பிரபலமாக்கினார்.

வர்ஜீனியாவில் கேரி பக் என்ற இளம்பெண்ணின் மன வயது 9 என்றது இதே வழியில் வந்த டெஸ்ட். பள்ளியில் ஒழுங்காகத் தேறிவந்தவர் அவர். 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் அனுமதி தர, அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள்.

இந்தியாவில் வி.வி.காமத் 1930-களில் மாற்றியமைத்த பினே-காமத் டெஸ்ட் இன்றும் மருத்துவமனைகளில் இருக்கிறது. எந்தக் குழந்தைக்குத் தனிக் கவனம் வேணும் என்று கண்டறியத்தான் அங்கே அது. பினே அதற்குக் கொடுத்த வேலையும் அதுதான்.