ஜேக்கப் ரீஸ்

டென்மார்க்கு நாட்டு ரீபெ என்னும் சிற்றூரில் 1849-ஆம் ஆண்டு பிறந்த ஜேக்கப் ரீஸ், தச்சுத்தொழில் பயின்று, 1870-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். நியூயார்க்கில் நிலையான வேலை கிட்டவில்லை. ஓரிரவு திக்கற்றோருடன் போலீஸ் நிலையத்திற் படுத்திருக்கையில், அவர் கழுத்திலிருந்த பொற்பதக்கம் களவு போயிற்று. முறையிட்டவரையே வெளியே தள்ளினர். அவரைத் தொடர்ந்து திரிந்த நாய்க்குட்டியைக் காவலனொருவன் படிக்கல்லில் அடித்துக் கொன்றான். இதனை அவர் என்றும் மறந்தாரல்லர்.

1877-இல் பத்திரிகை நிருபராகி, மல்பெரி வீதியருகே அயல்நாட்டுக் குடிகள் நெருங்கி வாழ்ந்த அடுக்குக் குடியிருப்புகளில் இரவுதோறும் நுழைந்து பார்த்தார். சாளரமற்ற உள்ளறைகள், ஓரறையிலேயே தையல், சமையல், உறக்கம் யாவும்! அவ்விருளைப் படம்பிடிப்பது எங்ஙனம்? 1887-இல் மக்னீசியப் பொடியைக் கொளுத்தி ஒளியுண்டாக்கும் முறையை அறிந்து அதனைக் கையாண்டார். குருடர் சிலர் குடியிருந்த மேன்மாடத்தில் அப்பொறி சுவரைப் பற்ற, தாமே போராடி அதனை அணைத்தாராம்.

1890-இல் வெளிவந்த அவருடைய நூல் செல்வரைத் திடுக்கிடச் செய்தது. எனினும் சீனரையும் யூதரையும் பற்றி அதில் அவர் எழுதியவை நமக்கு வருத்தந் தருகின்றன. தாமும் வந்தேறியாயிருந்தவர் அவ்வாறு எழுதலாமோ?

மல்பெரி வளைவின் பாழ்மனைகள் இடிக்கப்பட்டு, 1897-இல் அங்கே பூங்கா திறக்கப்பட்டது. அறைதோறும் சாளரம் வேண்டுமென்ற சட்டம் 1901-இல் பிறந்தது. ரீஸ் 1914-இல் காலமானார். ஆயினும் அவர் உள்ளம் பெரிதும் நிறைந்தது 1896-இலேயே என எண்ணுகிறோம். போலீஸ் ஆணையர் ரூஸ்வெல்ட்டைப் பழைய நிலையத்துக்கே அழைத்துச் சென்று நாயின் கதையைச் சொன்னார்; அவ்வாண்டே அவ்விடுதிகள் யாவும் மூடப்பட்டன.