மூச்சின் ஆசான் சுவாமி குவலயானந்தர்

மனம் சிதறும்போது அது தனியே சிதறுவதில்லை. துக்கம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், ஒழுங்கற்ற மூச்சு ஆகிய நான்கும் அதனுடன் சேர்ந்தே வருகின்றன என்பது யோக சூத்திரத்தின் முதல் பாதத்தில் பதஞ்சலி முனிவர் காட்டும் உண்மை. தேர்வு மண்டபத்தின் வாயிலில் நிற்கும் கல்லூரி மாணவனைக் கண்டவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. இந்த நான்கனுள் மூச்சு ஒன்றே நாம் விரும்பியவுடன் ஒழுங்குபடுத்தக் கூடியது. அதை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, இளைஞர்களின் கையில் ஒப்படைக்கப் பாடுபட்டவர் சுவாமி குவலயானந்தர்.

1883 ஆகஸ்ட் 30-ஆம் நாள் குஜராத்திலுள்ள டபோய் என்னும் ஊரில் அவர் பிறந்தார். பூர்வாசிரமப் பெயர் ஜகந்நாத் கணேஷ் குணே. வறிய குடும்பத்தில் பிறந்ததால், கல்விக்காகப் பெரிதும் போராட வேண்டியிருந்தது. மாணவப் பருவத்தின் கவலைகளை அவர் பிறர் சொல்லிக் கேட்டறியவில்லை. 1903-இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் வடமொழிக்குரிய ஜகந்நாத் சங்கர்சேட் உதவித்தொகையைப் பெற்று, பரோடா கல்லூரியில் சேர்ந்தார். ஸ்ரீஅரவிந்தர் அங்கே ஆசிரியராக இருந்த காலம் அது. பின்னர் ராஜரத்ன மாணிக்ராவிடம் உடற்பயிற்சிக் கலையையும் முறையாகக் கற்றார்.

காந்தேசப் பகுதியிலுள்ள அமல்நேரில் ஆசிரியப் பணியை ஏற்று, அங்கிருந்த தேசியக் கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார். 1919-இல் நர்மதைக் கரையிலுள்ள மால்சரில் பரமஹம்ச மாதவதாசரைச் சந்தித்தது அவரது வாழ்வின் திருப்புமுனை. குருவிடம் கற்றவற்றை நம்பிக்கையோடு பயின்றார். ஆனால் அத்துடன் நிறைவடையவில்லை. இந்தப் பயிற்சிகள் உடலுக்குள் என்ன செய்கின்றன என்று அறிய விரும்பினார். 1920-21-இல் தம் மாணவர்கள் சிலரையே துணைக்கொண்டு, பரோடா மருத்துவமனையில் உட்டியாணத்தையும் நௌலியையும் எக்ஸ்ரே கருவியால் ஆராய்ந்தார். நௌலியின்போது பெருங்குடலில் காற்றழுத்தம் குறைவதைப் பின்னர் அளந்து கண்டபோது, அந்த வெற்றிடத்திற்குத் தம் குருநாதரின் பெயரையே சூட்டினார். சீடர் ஒருவர் செலுத்திய குருதட்சிணைகளுள் இது விசித்திரமானது!

1923-இல் தேசியக் கல்லூரி மூடப்பட்டது. அடுத்த ஆண்டே லோணாவாலாவில் கைவல்யதாமம் எழுந்தது. ‘யோக மீமாம்ஸா’ என்ற ஆய்விதழும் அப்போதே தொடங்கியது.

பிராணாயாமத்தைப் பற்றி அவர் கண்டறிந்தது பலருக்கு வியப்பளித்தது. உடலுக்குள் ஆக்சிஜனை மிகுதியாக நிரப்புவதே அதன் பயன் என்பது பொதுவான எண்ணம். இன்றும் அவ்வாறு கற்பிப்போர் உண்டு. குவலயானந்தரோ சுவாசக் காற்றை அளந்து பார்த்தார். ஆக்சிஜனின் அளவில் அதன் சிறப்பு இல்லை, நரம்பு மண்டலத்தைப் பண்படுத்துவதில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். 1931-இல் வெளிவந்த ‘பிராணாயாமம்’ நூலில், உள்ளிழுக்கும் நேரத்தைப் போல் இருமடங்கு நேரம் மூச்சை வெளிவிடும் முறையை வகுத்துக் கொடுத்தார். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு தணிகிறது என்பதை இன்றைய உடலியலும் அறியும். கும்பகத்தில், அதாவது மூச்சை நிறுத்துவதில், அவசரம் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். விரைவில் பலன் தேடும் இளைஞர் மூச்சோடு மல்லுக்கட்டினால், அமைதிக்கு மாறாகப் படபடப்பே மிஞ்சும்.

ஆயினும் மூச்சு மட்டும் போதும் என்று அவர் கருதவில்லை. மருத்துவர் விநேகருடன் இணைந்து எழுதிய யோக சிகிச்சை நூலில், சரியான மனப்பான்மைகளை வளர்ப்பதற்கே முதலிடம் தந்தார். இன்புற்றோரிடம் நட்பு, துன்புற்றோரிடம் கருணை, நல்லோரைக் கண்டு மகிழ்ச்சி, தீயோரிடம் விலகிய நோக்கு என்பவை பதஞ்சலி காட்டிய வழிகள். சக மாணவன் முதலிடம் பெற்றதைக் கேட்டு உறக்கமிழக்கும் ஒருவனுக்கு, இவற்றுள் முதலாவது எந்த ஆசனத்தையும்விடக் கடினமான பயிற்சி.

பம்பாய் அரசின் உடற்கல்விப் பணிகளிலும் அவர் பல்லாண்டுகள் பொறுப்பேற்றார். 1950-களின் தொடக்கத்தில் லோணாவாலாவில் யோகக் கல்லூரி உருவாகி, ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. 1957-இல் வெளிநாட்டு உடலியல் அறிஞர்கள் கருவிகளுடன் அங்கு வந்து யோகிகளை ஆராய்ந்தபோது, அவர்களுக்கு வாயில்கள் தடையின்றித் திறந்தன. 1966 ஏப்ரல் 18-ஆம் நாள் சுவாமிகள் உடல் நீத்தார். அவர் தொடங்கிய ‘யோக மீமாம்ஸா’ இன்றும் மூச்சைப் பற்றிய ஆய்வுகளை வெளியிட்டு வருகிறது.