கலியன் கண்ட முதுமை

புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமெய்யத்தில், மலையைக் குடைந்த குகையில் பள்ளிகொண்டருளும் எம்பெருமானுக்குத் திருமங்கையாழ்வார் தனிப் பதிகம் அருளிச்செய்யவில்லை. பிற திவ்யதேசப் பதிகங்களினிடையே இத்தலத்தை நினைந்து நினைந்து மங்களாசாஸனம் செய்தருளினார். அச்சன்னிதியில் நிற்கும்போது அடியோங்கள் சிந்திப்பது ஒன்றே: எண்பதுக்கும் மேற்பட்ட திவ்யதேசங்களைப் பாடும்படி அவரை விரைவித்தது எது?

திருக்குறையலூரில் கார்த்திகையில் கார்த்திகை நாளில் திருவவதரித்த நீலன், சோழனின் படைத்தலைவராய்ப் பரகாலன் என்று பெயர் பெற்றார். குமுதவல்லி நாச்சியாரை மணக்க நாளும் 1,008 அடியார்களுக்கு அமுது செய்வித்ததும், பொருள் தீர்ந்து வழிப்பறியில் இறங்கியதும், மணக்கோலத்தில் வந்த எம்பெருமானையே மறித்துத் திருமந்திரம் பெற்றதும் யாவரும் அறிந்தவை. உபந்யாஸங்களில் இக்கதை மணிக்கணக்கில் நீளும். அதன்பின் அவர் எதைப் பாடத் தொடங்கினார் என்பதற்கோ நேரம் மிஞ்சுவதில்லை.

பெரிய திருமொழியின் 1,084 பாசுரங்களில், முதற்பதிகம் வீணே கழிந்த இளமைக்கு இரங்குவது. மூன்றாம் பதிகத்திலேயே, வதரியை வணங்கச் சொல்லும்போது, முதுமை வந்துவிடுகிறது. கூன், கைத்தடி, இருமல், மூச்சிரைப்பு, இளம்பெண்களின் ஏளனம் என ஒன்றையும் அவர் மறைக்கவில்லை. படை நடத்திய வீரர், மூப்பு வாராதிருக்க வரம் கேட்கவில்லை. அது வருமுன் தொழச் செல்லுவோம் என்றே நெஞ்சை எழுப்புகிறார். வைப்புத்தொகைகளின் முதிர்வு நாளை ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்த நம் போன்றோர்க்கு, நாள் குறிக்கப்படாத இம்முதிர்வு மட்டும் பிறருடையதாகவே தோன்றுகிறது.

அவர் அஞ்சாதவரும் அல்லர். நைமிசாரணியப் பதிகத்தில் யமகிங்கரரை எண்ணி நடுங்கியே எம்பெருமான் திருவடியைப் பற்றுகிறார். மரணத்தை ஒப்புக்கொள்வதற்கு அச்சமற்றிருத்தல் வேண்டுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று நாம் கண்டதில்லை.

அவருடைய ஆறு பிரபந்தங்களுள் கடைசியாகக் கொள்ளப்படும் திருநெடுந்தாண்டகத்தில் கூனும் இல்லை, கோலும் இல்லை. முதற்பத்து ஆழ்வாராகவே பேசுகிறது. நடுப்பத்தில் தாயார் பேசுகிறாள். இறுதிப்பத்தில் பரகால நாயகி என்னும் இளம்பெண், வந்து பிரிந்த எம்பெருமானை எண்ணி உருகுகிறாள். ஆழ்வார் பின்னர்த் திருக்குறுங்குடிக்கு எழுந்தருளி, நம்பியின் திருவடி நிழலிலேயே திருநாடு அலங்கரித்தார் என்பது பெரியோர் வழக்கு. அவருடைய திருவரசு இன்றும் அங்கே உள்ளது.