மூஸ் கிராமத்துப் பேராயர்

அந்தமான் என்றவுடன் நம்மவர் நினைவில் எழுவது செல்லுலர் சிறையே. போர்ட் பிளேயருக்குத் தெற்கே ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தொலைவில் கார் நிக்கோபார் என்னும் தட்டையான பவழத் தீவு ஒன்று உண்டு. தென்னையும் பன்றியும் மீனுமே அம்மக்களின் செல்வம். நிலமும் மரமும் தனி ஆளுக்கன்றிக் கூட்டுக் குடும்பத்துக்கே உரியன. அத்தீவின் வடகோடியிலுள்ள மூஸ் கிராமத்தில் பிறந்து, நிக்கோபாரியரின் முதற் பேராயராக உயர்ந்த ஜான் ரிச்சர்ட்சன் பெருமகனாரின் வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் சொல்லப் புகுந்தோம்.

அவர் பிறந்தது 1884ஆம் ஆண்டு என்பர். பெற்றோர் இட்ட பெயர் ஹா செவ் கா. எழுத்தில்லாத மொழியைப் பேசிய தீவில், கடலும் தோணியுமாக வளர்ந்த சிறுவன் அவர்.

இங்கே ஒரு தமிழரைக் குறிப்பிடாமல் மேலே செல்ல நமக்கு மனம் வரவில்லை. வேதப்பன் சாலமோன் என்னும் உபதேசியார் சென்னை மாகாணத்தவர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசாங்க ஏஜெண்டாக மூஸ் கிராமத்திற் குடியேறினார். கப்பல் வரவைப் பதிவு செய்வதும் வியாபாரிகளைக் கண்காணிப்பதும் அவர் உத்தியோகம். பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியது அவர் ஊழியம். நாள் தவறாது அவர் எழுதிய குறிப்புகளிலிருந்து சில பகுதிகள் 1901ஆம் ஆண்டின் குடிக்கணக்கு அறிக்கையிலேயே இடம்பெற்றன. பிழைப்புக்காக வெளியூர் சென்ற தமிழர் எத்தனையோ பேர். சென்ற இடத்துப் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக எண்ணியவர் எத்தனை பேர்? ஹா செவ் காவின் அறிவுக் கூர்மையைக் கண்ட சாலமோன், அவரைப் பர்மாவுக்கு, மாந்தளையிலிருந்த மிஷன் பள்ளிக்கு அனுப்பச் செய்தார். ஜான் ரிச்சர்ட்சன் என்ற பெயருடன் ஊர் திரும்பிய மாணவர், சாலமோன் தொடங்கிய பணியைத் தம் தோளில் ஏற்றார்.

படித்தவருக்குப் பர்மாவில் அக்காலத்தில் உத்தியோகத்துக்குப் பஞ்சமில்லை. அவரோ தென்னஞ்சோலைக்குள் உபாத்தியாயராகவும் உபதேசியாராகவும் அமர்ந்தார். பிள்ளைகளுக்குக் கால்பந்து ஆடவும் கற்றுக்கொடுத்தார். வேதாகமத்தைத் தம் மக்களின் மொழியில் பெயர்க்கும் வேலை அவர் வாழ்நாள் முழுவதும் நீண்டது. 1934இல் குருப்பட்டம் பெற்றபோது அவருக்கு வயது ஐம்பது. அத்தனை ஆண்டு உழைப்புக்குப் பின்னும் தீவில் கிறிஸ்தவர் சிறு தொகையினரே.

பிறகு வந்தது போர். 1942 மார்ச் 23இல் ஜப்பானியர் போர்ட் பிளேயரைப் பிடித்தனர். கார் நிக்கோபாரும் அவர்கள் வசமாயிற்று. விமானத் தளம் அமைக்க மக்கள் கட்டாய வேலைக்கு இழுக்கப்பட்டனர். உணவும் அருகியது. 1945இல், நேச நாட்டாருக்கு உளவு சொன்னார்கள் என்ற சந்தேகத்தின்பேரில் நிக்கோபாரியர் பலர் பிடிக்கப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளாயினர், பலர் கொல்லப்பட்டனர். ரிச்சர்ட்சன் தம் மகனைப் பறிகொடுத்தார். தாமும் சிறைப்பட்டு மரண தண்டனைக்குக் குறிக்கப்பட்டார். தண்டனை நிறைவேறுமுன் ஜப்பான் சரணடைந்தது. அக்கொடுமைகளைப் புரிந்தோர்மீது 1946இல் சிங்கப்பூரில் விசாரணை நடைபெற்றது.

மகனை இழந்த அறுபது வயதுத் தந்தை ஓய்ந்து ஒதுங்கியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? அவர் மறுபடியும் கிராமம் கிராமமாக நடந்தார். தங்களோடு அடியும் பசியும் பட்டவர், தங்களைப் போலவே பிள்ளையைப் புதைத்தவர் பேசுகிறார் என்பதை மக்கள் அறிந்திருந்தனர். முந்திய பல பத்தாண்டுகளில் பள்ளிக்கூடமும் பிரசங்கமும் செய்யாததை அந்த அறிவு செய்தது என்பது நம் எண்ணம். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் தீவினர் பெரும்பாலோர் திருச்சபையில் சேர்ந்தனர். 1950 ஜனவரியில் அவர் கல்கத்தாவின் துணை அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். 1966இல் அந்தமான் நிக்கோபாருக்கெனத் தனி அத்தியட்சாதீனம் அமைந்தபோது அதன் முதற் பேராயரும் அவரே.

1952இல் குடியரசுத் தலைவர் அவரை முதல் மக்களவைக்கு நியமித்தார். 1965இல் பத்மஸ்ரீ, 1975இல் பத்மபூஷண். பட்டங்களின் பட்டியலை இவ்வளவில் நிறுத்துகிறோம். நிக்கோபாரி மொழியில் முழு வேதாகமமும் அச்சேறியதே அவர் வாழ்வின் பெரிய செய்தியென நாம் கருதுகிறோம். நம் தமிழுக்குத் தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சிட்டது 1715இல். அவரோ கடல் கடந்து வந்த அந்நியர். நிக்கோபாரி மொழிக்கு அந்த மொழியின் பிள்ளையே அப்பணியைச் செய்து முடித்தார்.

1978 ஜூன் 3ஆம் நாள் தமது 94ஆம் வயதில் ரிச்சர்ட்சன் காலமானார். 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கரையோரக் கிராமங்களைத் துடைத்துச் சென்றது. மூஸ் கிராமமும் தப்பவில்லை. எஞ்சிய மக்கள் தீவின் உட்பகுதியில் குடியேறிப் புதிதாகக் கோயில் கட்டினர். தீவின் அரசு மருத்துவமனைக்குப் பேராயர் ஜான் ரிச்சர்ட்சன் என்றே பெயர்.