தமிழின் முதல் அச்சு நூல் எதற்காக வந்தது? முத்துக்குளித்துறை அன்றிக் அடிகளாரின் கதை

இந்திய மொழி எழுத்துகளில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் தமிழ்ப் புத்தகம். பெயர் தம்பிரான் வணக்கம். 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் அச்சான இதற்கு மொத்தமே 16 பக்கம்தான். உள்ளே இருப்பது கிறிஸ்தவத்தின் அடிப்படை ஜெபங்களும் போதனைகளும். இதைத் தமிழில் கொண்டுவந்தவர் அன்றிக் அடிகளார் எனப்படும் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ்.

யார் இவர்?

1520-ல் போர்ச்சுகலின் விலா விசோசாவில் பிறந்தவர். யூத வம்சாவளி என்ற காரணத்தால் பிரான்சிஸ்கன் சபை இவரை வெளியேற்றியது. 1545-ல் இயேசு சபையில் சேர்ந்தார். அடுத்த வருஷம் கோவா, 1547-ல் நம்ம முத்துக்குளித்துறை.

அப்போ இங்கே என்ன நிலைமை?

முத்துக்குளிப்பு உரிமைக்காகக் கடும் போட்டி நடந்த காலம். போர்த்துக்கீசியர்களின் பாதுகாப்பைத் தேடிய பரதவர்கள், 1535 முதல் 1537-க்குள் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனா, ஏற்றுக்கொண்ட மதம் என்ன சொல்கிறது என்று விளக்க, அவங்க மொழி தெரிந்த குருக்கள் இல்லை.

1542-ல் வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழ் தெரிந்தவர்கள் உதவியோடு ஜெபங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து கற்பித்தார். அதிலும் சிக்கல். விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில், வேணும் என்ற சொல் இருந்தது. கடவுளை நம்புகிறேன் என்பதும், கடவுள் வேணும் என்பதும் ஒன்றா? 1544-ல் சக ஊழியருக்கு எழுதிய கடிதத்தில் சவேரியாரே இதைத் திருத்தச் சொன்னார்.

அன்றிக் அடிகளார் என்ன செய்தார்?

முதலில் தமிழ் படித்தார். துபாஷி இல்லாமல் பிரசங்கம் செய்யும் அளவுக்குத் தேறினார். அடுத்து வருகிற குருக்களுக்காகப் போர்த்துக்கீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணமும் எழுதினார். அதன் கையெழுத்துப் பிரதி லிஸ்பனில் இருக்கிறது. தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் மருத்துவமனை ஒன்றையும் நடத்தினார்.

1554-லேயே லிஸ்பனில் ஒரு தமிழ் ஜெபப் புத்தகம் அச்சாகியிருந்தது. ஆனா, அது ரோமன் எழுத்தில். இன்னைக்கு நாம வாட்ஸ்அப்பில் தங்லீஷ் அடிக்கிற மாதிரி! தமிழ் எழுத்திலேயே வேண்டும் என்பதற்காக அச்செழுத்துகள் வார்க்கப்பட்டன. செலவுக்குப் பரதவர்களே பணம் கொடுத்தார்கள்.

மக்களுக்கு எதைக் கற்றுக்கொடுத்தார்கள்?

• கடவுள் ஒருவரே. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என மூன்று ஆட்களாக இருக்கிறார்.
• இயேசு மனிதனாகப் பிறந்த கடவுள். மனிதர்களின் பாவத்துக்காகச் சிலுவையில் இறந்து, மூன்றாம் நாள் உயிர்த்தார்.
• ஞானஸ்நானம் சபைக்குள் நுழையும் வாசல். தவறு செய்தால் குருவிடம் பாவசங்கீர்த்தனம்.
• தினமும் ஜெபம், ஞாயிறு பூசை, வாழ்க்கைக்குப் பத்துக் கட்டளைகள்.

இதில் சவாலே சொற்கள்தான். கடவுளுக்குத் தம்பிரான் என்று மக்கள் அறிந்த சொல்லையே எடுத்துக்கொண்டார். 1579-ல் கொச்சியில் அச்சான கிரிசித்தியானி வணக்கம் முழுக்கக் கேள்வி-பதில்தான். இப்ப நீங்க படிக்கிற இந்தக் கட்டுரை மாதிரியே! 1586-ல் புனிதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் அடியார் வரலாறு வந்தது.

ஏன் இவரைத் தெரிஞ்சுக்கணும்?

தமிழ் அச்சு என்றதும் பலருக்குத் தரங்கம்பாடி சீகன்பால்கு ஞாபகம் வருவார். அவர் தரங்கம்பாடிக்கு வந்தது 1706-ல். அதற்கு 128 வருஷம் முன்பே தமிழ் எழுத்து அச்சேறிவிட்டது.

50 வருஷத்துக்கும் மேல் இந்தக் கடற்கரையிலேயே வாழ்ந்த அன்றிக் அடிகளார், 1600-ல் புன்னைக்காயலில் இறந்தார். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார். மதம் மாறிய மக்கள், தாங்கள் சொல்லும் ஜெபத்தின் அர்த்தம் புரிந்து சொல்ல வேண்டும் என்பதே அவர் கவலை. அந்தக் கவலைதான் தமிழை அச்சில் ஏற்றியது.