மனதைக் கேட்ட மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ்

போஸ் என்றதும் நம்மில் பலருக்குச் சுபாஷ் சந்திரபோஸ்தான் நினைவுக்கு வருவார். பௌதிகம் படிப்பவர்கள் சத்தியேந்திரநாத் போஸைச் சொல்வார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டவர் கிரீந்திரசேகர் போஸ். மனம் நொந்தவர்களைப் பேச வைத்துக் குணப்படுத்தும் முறையை இந்தியாவில் தொடக்கி வைத்தவர் அவர்.

1887 இல் பிறந்த அவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து 1910 இல் வைத்தியரானார். மாயவித்தையிலும் மனோவசியத்திலும் அவருக்கு இளமையிலேயே பெரும் ஆசை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை திறக்கப்பட்டதும், வைத்தியராக இருந்துகொண்டே மறுபடியும் மாணவராகி 1917 இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். சொல்ல முடியாத ஆசைகளையும் வேதனைகளையும் மனம் எப்படி அடியில் அமுக்கி வைக்கிறது என்பதே அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வு. அந்நூலை வியன்னாவிலிருந்த சிக்மண்ட் பிராய்டுக்கு அனுப்பினார். அன்று தொடங்கிய கடிதத் தொடர்பு 1937 வரை நீடித்தது. இருவரும் ஒரு தடவைகூட நேரில் சந்திக்கவில்லை.

இந்தச் சிகிச்சையில் நோயாளி குறித்த நேரத்தில், மாதக்கணக்காக, வைத்தியரிடம் வருவார். சாய்ந்திருந்து, மனதில் வருவதை வெட்கப்படாமல் சொல்வார். வைத்தியர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார். மனச்சோர்வைப் பற்றி பிராய்ட் 1917 இல் ஒரு விளக்கம் வெளியிட்டார். ஒருவர் எதையோ இழக்கிறார். அந்த இழப்பினால் வந்த கோபத்தை வெளியே காட்ட வழியில்லை. அது உள்ளே திரும்பி அவரையே குற்றவாளியாக்குகிறது என்பதே அதன் சாரம்.

இதைப் படித்தபோது எனக்கு என் உம்மம்மாவின் ஞாபகம் வந்தது. 1990 ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளத்துக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். ஊர் திரும்பிய பிறகும் சில நாட்களில் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஓதித் தண்ணீர் கொடுப்போம். தொழுகை அவருக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அந்த நாளைப் பற்றி வீட்டில் யாரும் கேட்பதில்லை; கேட்டால் அழுவார் என்ற பயம். ஒரு நாள் நான் கேட்டேன். அழுதார்தான். பிறகு கிணற்றடி மாதுளையைப் பற்றியும், எடுக்க மறந்த தன் உம்மாவின் பெட்டியைப் பற்றியும் மஃரிப் வரை பேசினார். பெட்டியை மறந்தது தன் குற்றம் என்று இத்தனை வருடமாக நினைத்திருக்கிறார்! நான் செய்தது சிகிச்சை அல்ல, அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். என்றாலும் பிராய்டின் விளக்கம் எனக்கு அன்றுதான் புரிந்தது.

இதெல்லாம் வெள்ளைக்காரர் பழக்கம் என்று சிலர் சொல்வதுண்டு. ஆயிரம் வருடங்களுக்கு முன்பே அபூ ஸைத் அல்பல்கி என்ற முஸ்லிம் அறிஞர், காரணம் தெரிந்த கவலை, காரணம் தெரியாத கவலை என்று பிரித்து எழுதியிருக்கிறார்.

போஸும் பிராய்டை அப்படியே பின்பற்றியவரல்லர். ஒவ்வோர் ஆசைக்கும் எதிரான ஆசையொன்று மனதில் ஒளிந்திருக்கிறது என்றார். அடித்தவர் அடிபட்டவரின் இடத்திலும், அடிபட்டவர் அடித்தவரின் இடத்திலும் தம்மை வைத்துப் பார்க்கும்படி நோயாளிகளை நடத்தினார். பிராய்ட் இதை முழுதாக ஏற்கவில்லை. போஸும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். கருத்து வேறுபட்டாலும் பிராய்டின் 75 ஆவது பிறந்தநாளுக்குக் கல்கத்தாவிலிருந்து தந்தத்தால் செய்த சிலையொன்று பரிசாகப் போனது. அதை அவர் தம் மேசையில் வைத்திருந்தார். 1938 இல் நாசிகளுக்குத் தப்பி பிராய்டும் வீட்டைவிட்டு லண்டன் போக நேர்ந்தது.

1922 இல் போஸ் தம் வீட்டிலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். 1940 இல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை உருவானது. அதற்கு இடம் தந்தவர் அவருடைய அண்ணன், வங்க எழுத்தாளர் ராஜசேகர் போஸ். ஆரம்பத்தில் அங்கே இருந்தவை 3 கட்டில்கள் மட்டுமே. 1953 ஜூனில் போஸ் காலமானார். லும்பினி பார்க் இன்றும் கொல்கத்தாவில் இயங்குகிறது.